பணியிடத்தில் சமத்துவம்: பயிற்சி எதற்கு?

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பேச வருகிறவருக்குக் கூட்டம் முழுவதும் தலையாட்டும். பேச்சை ஒப்புக்கொண்டு ஆட்டுகிறார்களா, தூக்கத்தில் ஆட்டுகிறார்களா என்பதுதான் தெரியாது. இன்றைக்கு வடை பாயசம் வேறு. அதனால் சுருக்கமாகப் பேசுகிறேன். "உங்க சப்ஜெக்டையே பேசுங்க மேடம்" என்று செயலாளர் சொல்லியிருக்கிறார்.

என் சப்ஜெக்ட் என்ன? 1984ல் இங்கே பி.காம். முடித்து, ஒரு தொழிற்சாலையின் பர்சனல் டிபார்ட்மெண்டில் கிளார்க்காகச் சேர்ந்தேன். அந்தத் துறைக்கு இப்போது ஹெச்.ஆர். என்று பேர். பேர் மாறியது, பஞ்சாயத்து மாறவில்லை. ஓய்வு பெற்ற பிறகு ஆலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் போய், ஊழியர்களுக்குச் சமத்துவப் பயிற்சி வகுப்பு எடுத்து வருகிறேன். ஆண், பெண், சாதி, மதம், மாற்றுத்திறன், மொழி, வயது என்று எந்த வேறுபாடு இருந்தாலும், வேலை இடத்தில் ஒருவருக்கு மரியாதையும் வாய்ப்பும் குறையாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று சொல்லித் தரும் வகுப்பு அது.

இதை இந்த மேடையில் பேசக் காரணம் உண்டு. இந்த அரங்கில் ஆள் எடுக்கிறவர்களும் இருக்கிறீர்கள், வேலைக்கு மனுப் போடப் போகிறவர்களும் இருக்கிறீர்கள். மேஜையின் இரண்டு பக்கமும் ஒரே அரங்கில் உட்கார்ந்திருப்பது அபூர்வம்.

சட்டம் என்ன சொல்கிறது?

"இதெல்லாம் வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் கொண்டுவந்த ஃபேஷன்" என்று சொல்வோர் உண்டு. அப்படி இல்லை. சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்பது நம் அரசியல் சட்டத்தின் 14ஆம் பிரிவு. பாகுபாடு கூடாது என்பது 15. அரசு வேலையில் சம வாய்ப்பு என்பது 16. தீண்டாமை ஒழிப்பு 17. வேலையில் பாகுபாடு கூடாது என்ற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1958ஆம் ஆண்டு உடன்படிக்கையை இந்தியா 1960லேயே ஏற்றுக்கொண்டது.

ஆனால் சட்டம் புத்தகத்தில் இருந்தால் போதாது, அதை ஊழியர்களுக்குச் சொல்லித்தர வேண்டும் என்ற கட்டாயம் வந்த கதை துயரமானது. ராஜஸ்தானில் பன்வாரி தேவி என்ற கிராமத்துப் பெண், அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் 'சாத்தின்' என்ற ஊழியராக இருந்தார். குழந்தைத் திருமணத்தைத் தடுப்பது அவருடைய வேலைகளில் ஒன்று. அந்த வேலையைச் செய்ததற்காகவே 1992ல் அவர் கூட்டுப் பாலியல் வன்முறைக்கு ஆளானார். 1995ல் விசாரணை நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்டவர்களைப் பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது.

வேலைக்குப் போன இடத்தில் ஒரு பெண்ணுக்கு இப்படி நடந்தால் யார் பொறுப்பு என்ற கேள்வியோடு மகளிர் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போயின. 1997 ஆகஸ்ட் 13 அன்று, தலைமை நீதிபதி ஜே. எஸ். வர்மா தலைமையிலான அமர்வு விசாகா தீர்ப்பைத் தந்தது. பாலியல் தொந்தரவைத் தடுப்பது வேலை கொடுத்தவரின் பொறுப்பு என்றது. அதன் பிறகும் 16 ஆண்டுகள் கழித்து, 2013ல்தான் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, ஊழியர்களுக்கு அவ்வப்போது விழிப்புணர்வு வகுப்பு நடத்துவதை நிர்வாகத்தின் கடமை ஆக்கியிருக்கிறது. நான் வகுப்பு எடுக்கப் போகிற வழியைத் திறந்துவிட்டவர் ஒரு கிராமத்துப் பெண் என்பதை நான் மறப்பதில்லை. வகுப்பிலும் முதலில் அவர் கதையைத்தான் சொல்வேன்.

அடுத்து 2016ல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. முந்தைய 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. புதிய சட்டத்தில் 21. ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கையை எழுதி அறிவிக்க வேண்டும் என்கிறது. 2019ல் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேலையில் பாகுபாடு கூடாது, புகாரைக் கவனிக்க ஒவ்வொரு நிறுவனத்திலும் ஓர் அலுவலர் இருக்க வேண்டும் என்கிறது. ஆக, சட்டத்துக்குப் பஞ்சம் இல்லை.

வகுப்பு எப்படி நடக்கிறது?

இனி உள்ளதைச் சொல்கிறேன். பல இடங்களில் இந்தப் பயிற்சி எப்படி நடக்கிறது? காலை பத்து மணிக்குக் குத்துவிளக்கு. பிறகு திரையில் படம் போட்டு ஒருவர் ஆங்கிலத்தில் வாசிப்பார். பதினொன்றரைக்கு டீ, சமோசா. வருகைப் பதிவில் கையெழுத்து. ஒரு குரூப் போட்டோ. ஆடிட் வரும்போது காட்ட ஃபைல் தயார். உள்ளே யார் உட்கார்ந்திருப்பார்கள் என்றால், புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள். எந்த சூப்பர்வைசர் கத்துகிறாரோ, எந்த மேனேஜர் பிரமோஷன் லிஸ்டில் கை வைக்கிறாரோ, அவருக்கு அன்றைக்கு அவசர மீட்டிங் இருக்கும்.

இப்படிப்பட்ட வகுப்பால் பலன் இல்லை என்பது என் அபிப்பிராயம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் ஃபிராங்க் டாபின், அலெக்ஸாண்ட்ரா கலெவ் என்ற இரண்டு சமூகவியல் அறிஞர்கள், 800க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் 30 ஆண்டு விவரங்களை ஆராய்ந்தார்கள். கட்டாயப்படுத்தி ஒரு நாள் வகுப்பில் உட்கார வைத்து, 'இது செய்யாதே, அது செய்யாதே' என்று சொன்ன நிறுவனங்களில் நினைத்த மாற்றம் வரவில்லை, சில இடங்களில் எதிர்விளைவே வந்தது என்று 2016ல் எழுதினார்கள். ஒருவரைப் பொறுப்பாக்கி, புதியவர்களுக்கு மூத்தவர் ஒருவரைத் துணை வைத்து, கணக்குக் கேட்ட இடங்களில்தான் மாற்றம் வந்தது என்கிறார்கள்.

நான் இதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் ஒன்றுதான். ஒரு மனிதரின் மனசை ஒரு நாளில் மாற்ற முடியாது. வீட்டிலும் தெருவிலும் நாற்பது வருஷம் கற்றதை, நாலு மணி நேரத்தில் கழற்றி வைக்கச் சொன்னால் அவர் வைக்க மாட்டார், நம் மேல் கோபம்தான் படுவார். ஆனால் அலுவலகத்தின் வழக்கத்தை மாற்றலாம். யார் எங்கே உட்காருவது, யாரிடம் என்ன கேட்பது, யாரை எதற்கு அனுப்புவது என்பதை மாற்றலாம். அதற்கு எல்லோருடைய மனசும் மாறும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. பயிற்சி என்பது அதற்காகத்தான் இருக்க வேண்டும்.

ஒரு வெள்ளைத்தாள்

என் வகுப்பில் எல்லா ஊரிலும் தவறாமல் ஒரு குரல் வரும். "மேடம், எங்க கம்பெனில அந்தப் பிரச்சினையே இல்லை. நாங்க எல்லாரையும் சமமாத்தான் நடத்தறோம்." சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நம்புகிறார். அதனால் அவரோடு நான் வாதம் செய்வதில்லை. எல்லோருக்கும் ஒரு வெள்ளைத்தாள் கொடுப்பேன். பெயர் எழுத வேண்டாம். ஐந்து கேள்வி.

ஒன்று, போன மீட்டிங்கில் டீ டம்ளரை எடுத்து வந்து வைத்தது யார்? இரண்டு, மீட்டிங் குறிப்பு எழுதியது யார்? மூன்று, புது மெஷின் வந்தபோது அதைப் பழக வெளியூருக்கு யாரை அனுப்பினீர்கள்? நான்கு, உங்கள் மாடியைக் கூட்டித் துடைக்கும் அம்மாவின் பெயர் என்ன? ஐந்து, அவர் மதியம் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்?

முதல் மூன்று கேள்விக்குப் பேனா வேகமாக ஓடும். நாலாவது கேள்வியில் நின்றுவிடும். "ஆயான்னுதான் கூப்பிடுவோம் மேடம்" என்பார்கள். எட்டு வருஷமாக அந்த மாடியைத் துடைக்கிறவருக்குப் பெயர் இல்லை. ஐந்தாவது கேள்விக்குப் பதில், "மாடிப்படிக்குக் கீழே." கேண்டீனில் மேஜை காலியாகத்தான் இருக்கும். உட்காரக்கூடாது என்று யாரும் போர்டு மாட்டவில்லை. அவர் உட்காருவதில்லை, அவ்வளவுதான். ஏன் உட்காருவதில்லை என்று யாரும் கேட்டதும் இல்லை.

மூன்றாவது கேள்வியில் நடந்ததைச் சொல்கிறேன். ஓர் ஆலையில் அந்த டிபார்ட்மெண்டில் பாதிப் பேர் பெண்கள். ஆனால் மெஷின் பழகப் போனவர்கள் எல்லோரும் ஆண்கள். போர்மேன் எழுந்தார். "லேடீஸ் வெளியூர் வர மாட்டாங்க மேடம். வீட்ல விட மாட்டாங்க." "கேட்டீங்களாண்ணே?" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கேக்கலை" என்றார். நல்ல மனிதர். அவர் யாரையும் ஒதுக்க நினைக்கவில்லை, அந்தப் பெண்களுக்குப் பதிலாக அவரே முடிவெடுத்துவிட்டார். மெஷின் தெரிந்தவருக்குத்தான் அடுத்த கிரேடு, அடுத்த கிரேடுக்குத்தான் அடுத்த சம்பளம். ஆக, அந்தக் கேட்காத ஒரு கேள்வியின் விலை, பல வருஷச் சம்பளம்.

அங்கே ஒரு சின்ன வழக்கத்தை மாற்றினோம். இனி எந்தப் பயிற்சிக்கும் ஆளை யாரும் கைகாட்டக்கூடாது. நோட்டீஸ் போர்டில் போடுவது, விருப்பம் உள்ளவர்கள் பெயர் எழுதுவது, தேதியும் தங்கும் இடமும் முன்கூட்டியே சொல்வது. அடுத்த முறை இரண்டு பெண்கள் பெயர் எழுதினார்கள். ஒருவர் மாமியாரிடம் குழந்தையை விட்டுவிட்டுப் போய்ப் பழகி வந்தார். இப்போது அந்த மெஷினை மற்றவர்களுக்குச் சொல்லித் தருகிறவர் அவர்தான். போர்மேன் என்னிடம், "நீங்க சொன்னதால இல்ல மேடம், அந்தப் பொண்ணு கைல மெஷின் நல்லா ஓடுது, அதான்" என்றார். எனக்கு அது போதும்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

இனி இன்டர்வியூ. 2007ல் வெளிவந்த ஓர் ஆய்வை எல்லா வகுப்பிலும் சொல்வேன். சுக்தேவ் தோரட், பால் அட்டெவெல் என்ற இரு அறிஞர்கள், பத்திரிகையில் வந்த தனியார் நிறுவன வேலை விளம்பரங்களுக்கு மனுக்களை அனுப்பிப் பார்த்தார்கள். படிப்பும் தகுதியும் ஒன்றேதான். பெயர் மட்டும் வேறு. ஒரு மனுவில் உயர்சாதிப் பெயர், ஒன்றில் தலித் பெயர், ஒன்றில் முஸ்லிம் பெயர். உயர்சாதிப் பெயருக்கு அடுத்த கட்ட அழைப்பு கிடைக்கும் வாய்ப்பை 1 என்று வைத்தால், தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. மனுப் போட்டவரின் முகத்தைக்கூட யாரும் பார்க்கவில்லை. பெயரை மட்டும் பார்த்தார்கள்.

நம் ஊரில் இந்தத் தொல்லை இருக்காது என்று நினைப்போம். 1929ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விடுவது என்று தீர்மானம் போட்டார்கள். இன்று தமிழ்நாட்டில் பெரும்பாலோர் பெயருக்கு முன்னால் ஓர் இனிஷியலோடு சரி. இது சின்ன சாதனை இல்லை. ஆனால் பெயரிலிருந்து போனதைத் தேடிக் கண்டுபிடிக்க நாம் வேறு கேள்விகளைக் கற்றுக்கொண்டோம். "தம்பிக்கு எந்த ஊரு?" "அந்த ஊர்ல எந்தப் பக்கம்?" "குலதெய்வம் எது?" "அப்பா என்ன பண்றார்?"

ஊர் கேட்பது நம் பழக்கம்தான். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடமும் கேட்போம். அதில் அன்பும் உண்டு. ஆனால் பஸ்ஸில் அவரும் திருப்பிக் கேட்கலாம், "உங்களுக்கு எந்த ஊரு?" என்று. இன்டர்வியூவில் கேட்க முடியுமா? பதில் சொல்கிறவரின் சாப்பாடு கேள்வி கேட்கிறவர் கையில் இருக்கும்போது, அது விசாரிப்பு இல்லை, விசாரணை.

இதன் முடிவு எங்கே போகிறது என்று சொல்கிறேன். புதிதாகச் சேர்ந்தவர்கள் ஆறு மாதத்தில் நின்றுவிடுகிறார்கள், ஏன் என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று ஒரு நிறுவனம் என்னைக் கேட்டது. ராஜினாமாக் கடிதங்களைப் புரட்டினேன். எல்லாவற்றிலும் ஒரே வரி, 'சொந்தக் காரணங்களுக்காக.' ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டுப் பேசினேன். ஒரு பையன், வீட்டில் முதல் பட்டதாரி, முதல் இரண்டு நாள் நடந்ததைச் சொல்லவே இல்லை. மூன்றாவது முறை கூப்பிட்டபோது பேசினான்.

சேர்ந்த முதல் வாரம் மத்தியானம் ஆறு பேர் சேர்ந்து சாப்பிட்டார்களாம். ஊரைக் கேட்டார்கள், சொன்னான். தெருவைக் கேட்டார்கள், சொன்னான். யாரும் சண்டை போடவில்லை. யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. அடுத்த வாரத்திலிருந்து ஒருவருக்கு வேலை அதிகம், ஒருவருக்கு வெளியே சாப்பாடு, ஒருவருக்கு விரதம். பத்தாம் நாள் அந்த மேஜையில் அவன் மட்டும் இருந்தான். பிறகு எல்லோரும் எழுந்து போன பிறகு, இரண்டரை மணிக்குச் சாப்பிட ஆரம்பித்தான். ஐந்தாம் மாதம் எழுதிக் கொடுத்தான், 'சொந்தக் காரணங்களுக்காக.' "நான் என்னான்னு மேடம் கம்ப்ளெயிண்ட் எழுதறது? அவங்க சாப்பிட வரலைன்னா எழுத முடியும்?" என்று கேட்டான்.

அந்தக் கேள்விக்கு எந்தச் சட்டப் பிரிவையும் காட்டி என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்த நிறுவனத்துக்கு நான் எழுதிக் கொடுத்தது மூன்று வழக்கங்கள். இன்டர்வியூவில் வேலையோடு சம்பந்தம் இல்லாத ஒரு கேள்வியும் கூடாது, எல்லோருக்கும் ஒரே கேள்விகள், மதிப்பெண்ணைப் பேசுவதற்கு முன்பே அவரவர் தாளில் எழுதிவிட வேண்டும். புதிதாக வருகிறவருக்கு முதல் மூன்று மாதம் ஒரு மூத்த ஊழியர் துணை, சாப்பாடும் அவரோடு. வேலையை விட்டுப் போகிறவரிடம் அந்த டிபார்ட்மெண்டில் இல்லாத ஒருவர் உட்கார்ந்து பேச வேண்டும். இதைச் செய்ய பட்ஜெட் தேவையில்லை.

ஒரே மாதிரி நடத்தினால் போதுமா?

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். எல்லோரையும் ஒரே மாதிரி நடத்துவதுதான் சமத்துவம் என்று நினைக்கிறோம். படிக்கட்டு எல்லோருக்கும் ஒரே படிக்கட்டுதான். சக்கர நாற்காலியில் வருகிறவருக்கு அது சுவர். அதனால்தான் 2016ஆம் ஆண்டுச் சட்டம், ஒருவருக்குப் பொருத்தமான வசதியைச் செய்து தர மறுப்பதையும் பாகுபாடு என்றே சொல்கிறது. சாய்தளம் கட்டுவதும், காது கேளாதவருக்கு வேலையை எழுதிக் கொடுப்பதும் சலுகை இல்லை.

துணிக்கடைக்குப் போகிறோம். கல்லாவில் இருப்பவர் உட்கார்ந்திருப்பார். புடவை எடுத்துப் போடும் பெண் காலையிலிருந்து நின்றுகொண்டிருப்பார். கூட்டமே இல்லாத மூன்று மணிக்கும் நின்றுகொண்டுதான் இருப்பார். இதை மாற்ற 2018ல் கேரளமும், 2021ல் தமிழ்நாடும் கடைகள் சட்டத்தைத் திருத்தின. ஊழியருக்கு இருக்கை வேண்டும், வேலை நேரத்தில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார விட வேண்டும் என்பது இப்போது சட்டம். ஒரு ஸ்டூல் வாங்கிப் போடாத கடையில் மரியாதையைப் பற்றி நான் மூன்று மணி நேரம் வகுப்பு எடுத்தால், நின்றுகொண்டே கேட்கும் அந்தப் பெண் மனசுக்குள் சிரிப்பார்.

வேலை கொடுத்துவிட்டால் மட்டும் போதாது என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. 2017ல் கொச்சி மெட்ரோ ரயில் தொடங்கியபோது திருநர்கள் பலருக்கு வேலை கொடுத்தார்கள். நாடே பாராட்டியது. ஆனால் ஒரு வாரத்துக்குள்ளேயே சிலர் வேலையை விட்டார்கள். காரணம், நகரத்தில் யாரும் அவர்களுக்கு வீடு தரவில்லை. வேலையில் குறை இல்லை, வாசலுக்கு வெளியே உள்ள உலகம்தான் தடுத்தது. ஆகவே ஒருவரைச் சேர்க்கும்போது, அவர் வந்து சேரவும் தங்கவும் வழி இருக்கிறதா என்று பார்ப்பதும் இந்தப் பயிற்சியின் பாடம்தான்.

இரண்டு சந்தேகங்கள்

வகுப்பு முடிந்ததும் இரண்டு சந்தேகம் கேட்பார்கள். "அப்போ தகுதி பார்க்க வேண்டாமா மேடம்?" கட்டாயம் பார்க்க வேண்டும். பெயரையும் தெருவையும் பார்த்து ஆளைக் கழித்துவிட்டால், அவருடைய தகுதியை நாம் பார்க்கவே இல்லை என்றுதானே அர்த்தம்? தகுதியை மட்டும் பாருங்கள் என்பதுதான் நான் சொல்வது.

இரண்டாவது, ஆண்கள் கேட்பது. "இப்பல்லாம் பொண்ணுங்ககிட்ட பேசவே பயமா இருக்கு. பொய்யா புகார் கொடுத்துட்டா?" சட்டத்தில் அதற்கும் இடம் இருக்கிறது. வேண்டுமென்றே கெட்ட எண்ணத்தோடு பொய்ப் புகார் கொடுத்தது நிரூபணமானால் அவர் மேல் நடவடிக்கை உண்டு என்கிறது 14ஆம் பிரிவு. ஆனால் நிரூபிக்க முடியவில்லை என்பதாலேயே ஒரு புகாரைப் பொய் என்று சொல்லக்கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. வேலையைப் பற்றிப் பேசுவதற்கு யாரும் பயப்பட வேண்டியதில்லை. பயம் வந்து பெண்களோடு பேசாமல் விட்டால், அவர்களுக்கு வேலை கற்றுத்தராமலும் விடுவோம். அது இன்னொரு பாகுபாடு.

வீட்டுப்பாடம்

கல்லூரி மேடை என்பதால் வீட்டுப்பாடம் கொடுக்காமல் இறங்க மாட்டேன்.

தம்பி தங்கைகளுக்கு: வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே உங்கள் நிறுவனத்தின் உள் புகார்க் குழுவில் யார் யார் என்று நோட்டீஸ் போர்டில் பாருங்கள். 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் எந்த இடத்திலும் அந்தக் குழு இருக்க வேண்டும். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதியாவது பெண்கள் வேண்டும், வெளியாள் ஒருவர் வேண்டும். 10 பேருக்குக் குறைவான இடம் என்றால் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு உண்டு. பெண்களே, சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் குழு நீட்டித்துத் தரலாம். 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். தேதியும் நேரமும் யார் இருந்தார்கள் என்பதும் அன்றன்றைக்கே எழுதி வையுங்கள். பசங்களே, உங்கள் பக்கத்து மேஜையில் ஒருவன் தனியாகச் சாப்பிட்டால் உங்கள் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு அங்கே போங்கள். அதற்கு எந்தப் பயிற்சியும் தேவையில்லை.

அதிகாரத்தில் இருக்கும் நண்பர்களுக்கு: திங்கட்கிழமை அலுவலகம் போனதும் அந்த ஐந்து கேள்விகளை உங்களுக்கே கேட்டுக்கொள்ளுங்கள். வகுப்பு நடத்தினால் முதல் வரிசையில் நீங்கள் உட்காருங்கள். நீங்கள் எழுந்து போனால் வகுப்பும் எழுந்து போய்விடும். வகுப்பைத் தமிழில் நடத்துங்கள். வடநாட்டுத் தொழிலாளர்கள் இருந்தால் அவர்கள் மொழியிலும் நடத்துங்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களையும் உள்ளே கூப்பிடுங்கள். வகுப்பு முடியும்போது கையெழுத்து வாங்குவதோடு, எந்த வழக்கத்தை எந்தத் தேதிக்குள் யார் மாற்றுவது என்று ஒரே ஒரு வரி எழுதி வாங்குங்கள். மூன்று மாதம் கழித்து அந்த வரியை எடுத்துக் கேளுங்கள்.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு ஆண்டும் இறுதியாண்டு மாணவர்களுக்கு மாதிரி இன்டர்வியூ நடத்துகிறோம். இந்த ஆண்டு முதல், ஊரையும் தெருவையும், "கல்யாணம் எப்போ?" என்பதையும் கேட்காத மாதிரி இன்டர்வியூவாக அது இருக்கட்டும். நமக்கும் பழக்கம் வரும். அப்படிக் கேட்டால் பதில் சொல்லாமல் மரியாதையாக எப்படித் தாண்டுவது என்று பிள்ளைகளுக்கும் பழக்கம் வரும். தேர்வுக் குழுவில் உட்கார முதல் ஆளாக என் பெயரை எழுதிக்கொள்ளலாம்.

இருபது நிமிடம் கேட்டவர்களுக்கு அரை மணி நேரம் பேசிவிட்டேன். தூங்காமல் கேட்டதற்கு நன்றி. தூங்கியவர்களுக்கும் நன்றி, அவர்கள் மலரில் படித்துக்கொள்ளலாம்.